வாசகர் கேள்வி–பதில்: விலை கொடுத்தவர் நாம், சாவி அவர்களிடம்

மின்னூல், இணைய இசை, காணொளி ஆகியவற்றின் மீது பெருநிறுவனங்களின் பிடி இறுகிவருவதைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை அளிக்கிறேன்.

கேள்வி: பெரிய இணையக் கடை ஒன்றில் பல ஆண்டுகளாகத் தமிழ் நாவல்களும் கட்டுரைத் தொகுப்புகளுமாக மின்னூல்களை வாங்கிச் சேர்த்திருந்தேன். அண்மையில் 'விதிமீறல்' என்று ஒரே வரியில் சொல்லி என் கணக்கை முடக்கிவிட்டார்கள். எந்த விதி என்று கேட்டால் பதில் இல்லை. காசு கொடுத்து வாங்கிய நூலுக்கு நான் உரிமையாளர் இல்லையா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திண்டுக்கல்

பதில்: நியாயப்படி நீங்கள்தான் உரிமையாளர், நீங்கள் ஒப்புக்கொண்ட விதிமுறைகளின்படி இல்லை. மின்னூல் கடைகளில் பெரும்பாலானவை நூலை விற்பதில்லை. அதைப் படிப்பதற்கான உரிமத்தை, அதுவும் உங்கள் கணக்கு நடப்பில் இருக்கும் வரைக்கும் மட்டுமே, தருகின்றன. யாரும் உட்கார்ந்து படிக்க முடியாத நீளத்தில் வந்து, 'ஏற்கிறேன்' என்று தட்டினாலொழிய மேலே செல்ல விடாத பக்கங்களில் இது எழுதப்பட்டிருக்கிறது. அச்சு நூலை வாங்கினால் அதைத் தம்பிக்குக் கொடுக்கலாம், ஊர் நூலகத்துக்கு அளிக்கலாம், திருவல்லிக்கேணியில் பழைய புத்தகக் கடையில் போட்டுவிட்டு வேறொன்றை வாங்கி வரலாம். பதிப்பாளர் நம் வீட்டுக்குள் வந்து அலமாரியைத் திறந்து எடுத்துப்போக முடியாது. மின்னூலில் அது முடியும், நடந்தும் இருக்கிறது.

2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்களை வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து, அவர்களைக் கேட்காமலேயே அந்த நூல்களை அழித்தது. அவற்றை விற்பனைக்கு ஏற்றியவரிடம் அமெரிக்காவுக்கான உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது என்பதும் உண்மைதான். ஆனால் பள்ளி மாணவர் ஒருவர் பாடத்துக்காக நூலோடு சேர்த்து எழுதி வைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப்போயின. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்கும் நிலை வந்தது, பின்னர் அது வழக்காகவும் ஆயிற்று. மைக்ரோசாப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது, அதுவரை விற்ற நூல்கள் அனைத்தும் அந்த ஜூலை மாதத்தோடு திறக்காமல் போயின. அங்கும் பணம்தான் திரும்பி வந்தது. 2025 பிப்ரவரி இறுதியில் அமேசான், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை நிறுத்திவிட்டது. தங்கள் கையில் ஒரு பிரதியை வைத்துக்கொள்ள வாசகர்கள் பலருக்கு இருந்த எளிய வழி அது ஒன்றுதான் என்பதை நிறுவனம் அறியாமல் இருந்திருக்க முடியாது.

கலிஃபோர்னியா மாநிலத்தில், கொடுப்பது உரிமம் மட்டுமே என்றால் அதை விற்கும்போதே வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டில் அப்படியொரு தனிச்சட்டம் இல்லையென்றாலும் உங்களுக்கு வழியே இல்லை என்று எண்ண வேண்டாம். தகுந்த காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஒரு தரப்புக்கு இடமளிக்கும் விதியை, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சொல்கிறது. ஒப்பந்தமே நியாயமற்றது என்ற முறையீட்டை மாநில நுகர்வோர் ஆணையம் விசாரிக்கும். சேவைக் குறைபாடு என்ற முறையீட்டை, அந்த நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே பதிவு செய்யலாம். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துகொள்ளுங்கள். நூல் வாங்கியதற்கான ரசீது மின்னஞ்சல்களை இன்றே அச்செடுத்து வையுங்கள். இனி வாங்கும்போது, நகலெடுப்பதைத் தடுக்கும் டிஜிட்டல் பூட்டில்லாத கோப்பாக மின்னூல் தரும் பதிப்பாளர் இருந்தால் அவரிடமே வாங்குங்கள்.

கேள்வி: நான் பார்வையற்ற மாணவன். பாடத்துக்குத் தேவையான மின்னூலை விலைக்கு வாங்கினேன். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளால் அதைப் படிக்க முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். நண்பர் ஒருவர் பூட்டை நீக்கிக் கொடுக்கலாம் என்கிறார். அவர் மீது வழக்கு வருமா?
– முதுகலை மாணவர், பாளையங்கோட்டை

பதில்: இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 52(1)(zb) உட்பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காக எந்த நூலையும் அவருக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றிக் கொடுப்பது உரிமை மீறல் ஆகாது. கல்விக்கும் ஆய்வுக்கும் தனிப்பட்ட பயன்பாட்டுக்கும் இது பொருந்தும். அதே திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு, உரிமை மீறும் நோக்கத்தோடு டிஜிட்டல் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. ஆனால் இச்சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத நோக்கத்துக்காகச் செய்யப்படுவதை அது தடுக்காது என்றும் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறது. உங்கள் நண்பர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பூட்டை நீக்க உதவுபவர், யாருக்காக, எந்த நோக்கத்துக்காக உதவினார் என்ற விவரத்தை எழுதி வைத்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கிறது. ஒரு தாளில் உங்கள் பெயர், முகவரி, நூலின் பெயர், தேதி, காரணம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையை உலகிலேயே முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா, அது 2014இல். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும், விலை கொடுத்து நூல் வாங்கிய ஒரு மாணவர் குற்றவாளியாகிவிடுவோமோ என்று அஞ்சி எங்களுக்கு எழுத வேண்டியிருப்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. 2009இல் கிண்டில் கருவியில் உரக்க வாசிக்கும் வசதி வந்தபோது, அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்த்ததால், அந்த வசதியை நூல்தோறும் அடைத்துவைக்கும் அதிகாரத்தை அமேசான் பதிப்பாளர்களிடம் கொடுத்துவிட்டது. அந்தப் பேச்சில் பார்வையற்ற வாசகரின் தேவை பின்னுக்குத் தள்ளப்பட்டது.

கேள்வி: நிறுவனங்கள் இப்படி நடக்கும்போது திருட்டுப் பிரதியைப் பதிவிறக்கினால் என்ன தவறு?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: தவறுதான். தமிழில் நூல் எழுதிப் பிழைப்பவர் மிகச் சிலர். திருட்டுப் பிரதி முதலில் அவர்கள் வயிற்றில்தான் அடிக்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்களுக்குரிய ராயல்டிப் பங்கை நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று 2012 திருத்தம் விதித்ததே, அதற்கு முன் ஒற்றைக் கையெழுத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்கள் ஏராளம் என்பதால்தான். படைப்பாளிக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு நிறுவனத்தோடு சண்டையிடுங்கள்.

கேள்வி: என் மாணவிகள் தியாகராஜர் கீர்த்தனை ஒன்றைப் பாடியதைப் பதிவு செய்து ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினேன். இசை நிறுவனம் ஒன்று அதற்கு உரிமை கோருவதாகவும், விளம்பர வருமானம் அவர்களுக்கே போகும் என்றும் அறிவிப்பு வந்தது. குரலும் எங்களுடையது, தம்புராவும் எங்களுடையது. இது எப்படி நடக்கிறது?
– இசை ஆசிரியை, கும்பகோணம்

பதில்: தியாகராஜர் மறைந்தது 1847இல். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி இந்நாட்டுக்கான முதல் பதிப்புரிமைச் சட்டத்தை இயற்றியதும் அதே ஆண்டில்தான். அவருடைய கீர்த்தனைகளுக்கு இன்று உரிமை கோர எவருக்கும் இடமில்லை. ஒரு நிறுவனம் வெளியிட்ட குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு அந்த நிறுவனம் உரிமையாளராக இருக்கலாமே தவிர, அந்தக் கீர்த்தனைக்கோ அதை நீங்கள் பாடும் உரிமைக்கோ அல்ல.

தளத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எல்லோரும் அறிந்த யூடியூபின் முறையை வைத்து விளக்குகிறேன். அங்கே 2007இலிருந்து கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாடு இயங்குகிறது. இசை நிறுவனங்களும் படநிறுவனங்களும் தங்கள் பதிவுகளை அதில் கொடுத்து வைக்கின்றன. ஏற்றப்படும் ஒவ்வொரு காணொளியையும் மென்பொருள் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்துப்போவதாகத் தோன்றினால் உடனே உரிமை கோரலை எழுப்பிவிடுகிறது. ஒரே கீர்த்தனையை ஒரே இராகத்தில், ஒரே தாளத்தில், ஏறக்குறைய ஒரே சுருதியில் பாடும் இரண்டு பேரை வேறுபடுத்தி அறிய நம் வீட்டுக் குழந்தைக்கும் முடியும்; மெட்டை மட்டும் ஒப்பிடும் மென்பொருள் அங்கே தடுமாறிவிடும். ஆஸ்திரேலியாவில் இசைத் தொழில்நுட்பம் கற்றவர் ஒருவர் தாமே உருவாக்கி ஏற்றிய பத்து மணி நேர வெற்றிரைச்சலுக்கு (பாட்டோ பேச்சோ இல்லாத வெறும் 'உஸ்' என்ற ஒலிக்கு) 2018 தொடக்கத்தில் ஐந்து உரிமை கோரல்கள் வந்தன. 2012 ஆகஸ்டில் செவ்வாய்க் கோளில் கியூரியாசிட்டி ஊர்தி இறங்கிய காட்சியை நாசாவே ஏற்றியபோது, ஒரு செய்தி நிறுவனம் உரிமை கோரியதாக அது சிறிது நேரம் நீக்கப்பட்டது.

நீங்கள் அந்தக் கோரலை மறுத்து முறையிடலாம், முறையிடத்தான் வேண்டும். ஆனால் உங்கள் மறுப்பு முதலில் செல்வது, கோரியவரிடமே. அவருக்கு 30 நாள் அவகாசம். தம் கோரிக்கை சரிதானா என்று அவரே முடிவு செய்கிறார். அவர் விடாமல் நீக்கல் நோட்டீஸ் கொடுத்தால் உங்கள் கணக்கில் 'ஸ்ட்ரைக்' என்ற விதிமீறல் குறி விழுகிறது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். பல ஆண்டுப் பதிவுகளை இழந்துவிடும் அச்சத்தில், தங்கள் பக்கம் நியாயம் இருந்தும் பலர் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டில் நான் மிகக் கொடியதாகக் கருதுவது இதைத்தான்.

இந்தியச் சட்டம் சொல்வது வேறு. 52(1)(c) உட்பிரிவின்படி, எழுத்து மூலம் புகார் வந்தால் தளம் 21 நாள் வரை அந்தப் பதிவை நிறுத்தி வைக்கலாம். அதற்குள் புகார் கொடுத்தவர் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவராவிட்டால் அதை மீண்டும் வெளியிடலாம். அதாவது, வழக்குத் தொடுக்கும் சுமை உரிமை கோருபவருடையது. ஆனால் பெரிய தளங்களின் நடைமுறை 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தை ஒட்டி அமைந்திருப்பதால் கும்பகோணத்தில் பாடும் பெண்களும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டு நிற்க வேண்டியிருக்கிறது. உங்கள் மறுப்பில் மூன்றைத் தவறாமல் எழுதுங்கள்: இயற்றியவர் மறைந்த ஆண்டு, பாடியவர்களின் பெயர், பதிவு செய்த இடமும் தேதியும். ஆதாரமில்லாமல் பதிப்புரிமையைக் காட்டி மிரட்டுபவர் மீது நீங்களே நீதிமன்றம் சென்று தடையும் இழப்பீடும் கேட்க 60ஆம் பிரிவு வழி செய்கிறது என்பதையும் அந்த நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள்.

கேள்வி: பதிப்புரிமைக் காலம் ஏன் இவ்வளவு நீளமாக இருக்கிறது? அரசால் எதுவும் செய்ய முடியாதா?
– நூலகர், தஞ்சாவூர்

பதில்: உரிமை முடியும் தறுவாயில் அதை நீட்டிக்கச் சொல்பவர்கள் இருந்துகொண்டே இருப்பதால்தான். மிக்கி மவுஸின் முதல் படங்களில் ஒன்றான 1928ஆம் ஆண்டுக் குறும்படத்தின் உரிமை 2003 முடிவில் தீர்ந்திருக்க வேண்டும். 1998இல் அமெரிக்கா காலத்தை 20 ஆண்டு நீட்டியதால் 2024 ஜனவரியில்தான் அது பொதுவுடைமை ஆயிற்று. நாமும் இதற்கு விலக்கல்ல. தாகூர் மறைந்து 50 ஆண்டு நிறைந்த வேளையில், அவர் நிறுவிய விசுவபாரதி பல்கலைக்கழகத்திடம் இருந்த உரிமையைக் காப்பதற்காக, இந்தியா முழுமைக்கும் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு என்று 1992இல் மாற்றினோம்.

அரசால் முடியும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. பாரதியார் பாடல்களை ஒலிப்பதிவிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்த காலம் உண்டு. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதியின் உரிமைகளைப் பெற்று, பின்னர் அவற்றை மக்களுக்கே பொதுவாக்கியது. அதைத் தொடர்ந்து, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்துப் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கும் வழக்கம் இங்கே நிலைபெற்று, பாரதிதாசன், அண்ணா, கல்கி உள்ளிட்ட பலரின் எழுத்தை இன்று எந்தப் பதிப்பாளரும் மலிவு விலையில் அச்சிட முடிகிறது. எழுதியவரின் குடும்பத்துக்கும் பணம், வாசகருக்கும் நூல் என்ற இந்த முறையைப் பழைய ஒலிப்பதிவுகளுக்கும் விரிவாக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: 1950களின் திரைப்பாடல்களுக்கு உரிமை முடிந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் ஊர் நாடகக் குழுவைப் பற்றிய ஆவணப்படத்தில் அவற்றைச் சேர்க்கலாமா?
– ஒளிப்பதிவாளர், காரைக்குடி

பதில்: ஒரு பாடலில் மூன்று உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. எனவே 1964 முடியும் வரை வெளியான இசைத்தட்டுகளுக்கு அது தீர்ந்துவிட்டது. பாடல் வரிக்கு, எழுதியவர் மறைந்த பின் 60 ஆண்டு. 1959இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகள் எவருக்கும் பொது. 1981இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 முடிய உரிமை உண்டு. மெட்டுக்கும் அதே கணக்கு என்பதால், 2015இல் மறைந்த எம்.எஸ். விஸ்வநாதன் இசையமைத்தவற்றுக்கு 2075 வரை காத்திருக்க வேண்டும். அந்த உரிமை தயாரிப்பாளரிடமோ இசை நிறுவனத்திடமோ இருந்தாலும் காலம் படைப்பாளியின் மறைவிலிருந்தே கணக்கிடப்படும். ஆகவே ஒவ்வொரு பாடலுக்கும் மூன்றையும் தனித்தனியே பார்த்து, எஞ்சியிருக்கும் உரிமைக்கு உரியவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுங்கள். நிறுவனங்கள் அண்மையில் மெருகேற்றி வெளியிட்ட பதிப்புகளைத் தவிர்த்து, பழைய இசைத்தட்டிலிருந்தே ஒலியை எடுங்கள். தட்டின் உறையையும் நடுவிலுள்ள வட்டச் சீட்டையும் எண் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். இணையத்தில் ஏற்றிய அன்றே உரிமை கோரல் வரக்கூடும்.