பட்டியும் பாலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜேர்சிக் கலப்பு மாடுகள் நான்கு நிற்கின்றன. இரண்டு நேரமும் கறந்தால் மாட்டுக்கு 6 லீற்றர். மடியழற்சி வராமலிருக்கக் கறந்தபின் காம்புகளை அயடீன் கரைசலில் நனைக்கச் சொல்கிறார்கள். வருடம் முழுக்க வாங்கக் கட்டுபடியாகுமா?
(வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: ரூபாயை விட்டுவிட்டுப் பாலில் கணக்குப் பாருங்கள். ஒரு மாட்டின் நான்கு காம்புக்கும் ஒரு தடவைக்குச் சுமார் 10 மில்லிலீற்றர் போகும். நாளுக்கு 20; 300 நாள் கறவைக்கு 6 லீற்றர் கரைசல். மடியழற்சி ஒருமுறை வந்தால் 3 நாள் மருந்து, அதன்பின் லேபலில் உள்ளபடி இன்னும் 3 நாளாவது பால் விற்க முடியாது. நல்ல மூன்று காம்பின் பாலும் சேர்த்துத்தான். 36 லீற்றர் மண்ணுக்கு. நனைப்பது புதுத் தொற்றை ஏறத்தாழப் பாதியாகத்தான் குறைக்கும். ஆகவே மாட்டுக்கு வருடம் ஒருமுறை நோய் வரும் பட்டியில் மிஞ்சுவது 18 லீற்றர். ஒரு லீற்றர் கரைசலின் விலை 3 லீற்றர் பாலின் விலைக்குள் நின்றால் கட்டும். மருந்துச் செலவும், வெளியே தெரியாத அழற்சியால் குறையும் பாலும் இதில் சேரவில்லை.

அந்த மறைவான அழற்சியைப் பார்க்கச் சலவைத்தூள் போதும். அரை லீற்றர் தண்ணீரில் 15 கிராம் கரையுங்கள். ஒவ்வொரு காம்புப் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, அதே அளவு கரைசல் விட்டு ஒரு நிமிடம் சுழற்றுங்கள். சளிபோல் தடித்தால் அந்தக் காம்பில் நோய். கன்று ஈன்ற முதல் நாட்களில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

நனைத்தும் நோய் வருகிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்: நனைத்த கையோடு கன்றை அவிழ்த்துவிடுவது. கன்று குடித்து முடிந்த பிறகே நனையுங்கள். கறந்தபின் அரை மணி நேரத்துக்கு மேல் காம்பின் துவாரம் திறந்தே இருக்கும். அந்த நேரம் மாரிச் சேற்றில் மாடு படுத்தால் கரைசல் வீண். தொட்டியில் புல்லைப் போட்டு நிற்க வையுங்கள். எல்லா மடிக்கும் ஒரே துணி கூடாது. நோயுள்ள மாட்டைக் கடைசியில் கறக்கவேண்டும்.

கேள்வி: எங்களுடையவை நாட்டுப் பட்டி மாடுகள். கன்று குடித்ததுபோக ஒன்றரை லீற்றர்தான். நாங்களும் நனைக்கவேண்டுமா?
(வாசகர், நெடுங்கேணி)

பதில்: வேண்டாம், அந்தப் பாலுக்கு அது கட்டாது. கன்று ஊட்டும் மாட்டில் மடியழற்சி குறைவு. உங்கள் நட்டம் காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோயில்தான். தடுப்பூசி நாளில் காட்டில் மேயும் மாடுகளையும் பட்டிக்குக் கொண்டுவந்து கட்டுங்கள். முதன்முறை போடும் கன்றுக்குச் சுமார் 4 வாரத்தில் இரண்டாவது ஊசியும் வேண்டும். பலர் தவறவிடுவது அதைத்தான்.