சி.பி.சி.-ஏ: அந்த ‘ஏ’வை நீக்கப் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: அம்பத்தூரில் 14 மாதமாக மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரங்களைக் குறியீடுகளாக மாற்றும்) வேலை பார்க்கிறேன். போன மாதம் இந்தத் துறைக்கான சி.பி.சி. சான்றிதழ்த் தேர்வில் தேறினேன். சான்றிதழில் ‘சி.பி.சி.-ஏ’ என்று இருக்கிறது. 15,000 ரூபாய் கொடுத்தால் ‘ஏ’வை எடுத்துத் தருவதாகப் பெரம்பூரில் ஒரு பயிற்சி மையத்தார் சொல்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகி, வியாசர்பாடி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

‘ஏ’ என்றால் அப்ரன்டிஸ், அதாவது பயிற்சி நிலையில் இருப்பவர். உங்கள் மதிப்பெண்ணில் குறை ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் அதே 100 கேள்வி, 4 மணி நேரம், தேற 70 சதவீதம்தான். உங்கள் அனுபவத்துக்கான அத்தாட்சி, தேர்வை நடத்தும் அமெரிக்க அமைப்பான ஏ.ஏ.பி.சி.க்குப் போகவில்லை, அவ்வளவே.

இரண்டு ஆண்டு அனுபவம் இருந்தால், அதை உறுதிசெய்யும் இரண்டு கடிதம் போதும். உங்களுக்கு அது இல்லை. ஆனால் 80 மணி நேரக் கோடிங் பயிற்சி முடித்த சான்றும், ஓராண்டு அனுபவத்துக்கு நிறுவனம் தரும் ஒரு கடிதமும் இருந்தால் இப்போதே விண்ணப்பிக்கலாம். பயிற்சிச் சான்றில் ‘மூன்று மாத வகுப்பு’ என்று மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. எத்தனை மணி நேரம் என்று எழுதி வாங்குங்கள். சி.இ.யு. (சான்றிதழைத் தக்கவைக்கச் சேர்க்கும் தொடர்கல்வி) மணிகளை இந்த 80-இல் சேர்க்க முடியாது.

பலர் ஏமாறுவது இங்கேதான்: தேர்வில் தேறிய நாளிலிருந்துதான் அனுபவத்தைக் கணக்கிடுவார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. தேர்வுக்கு முன் பார்த்த வேலையும் சேரும். உங்கள் 14 மாதத்தில் 13 மாதம் தேர்வுக்கு முந்தையது. அதுவும் முழுசாகச் சேரும். இதை மறைத்துத்தான் ‘இன்னும் ஒரு வருஷம் ஆகும், நாங்க சீக்கிரம் முடிச்சுத் தர்றோம்’ என்று காசு கறக்கிறார்கள்.

கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த தேதி, ஐ.சி.டி.-10-சி.எம்., சி.பி.டி., எச்.சி.பி.சி.எஸ். ஆகிய குறியீட்டுத் தொகுப்புகளில் எதை வைத்துக் கோடிங் செய்கிறீர்கள் என்பது, இரண்டும் அதில் வரட்டும். எச்.ஆர். வழக்கமாகத் தரும் கடிதத்தில் ‘புராசஸ் அசோசியேட்’ என்று மட்டும் இருக்கும். கோடிங் செய்ததற்கு அது சாட்சி ஆகாது. வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து மேனேஜரிடம் கொடுங்கள். நாலு வரிக் கடிதத்துக்கு ஒரு பெண்ணை மாதக்கணக்கில் அலையவிடுவதில் என்ன நியாயம் இருக்கிறது? எச்.ஆர். துறைகள் இதற்கென்று ஒரு படிவம் வைத்திருந்தால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இருக்காது.

அவர்கள் விற்பது பெரும்பாலும் போலி அனுபவக் கடிதம். பிடிபட்டால் கஷ்டப்பட்டு வாங்கிய சான்றிதழே போகலாம். தேர்வுக்குப் பணம் கட்டியபோது அந்த மையம்தான் உங்கள் ஏ.ஏ.பி.சி. கணக்கைத் திறந்ததா? இன்றே உள்ளே போய் அதில் இருப்பது உங்கள் மின்னஞ்சல்தானா என்று பாருங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். உறுப்பினர் புதுப்பித்தல் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக்கு 36 சி.இ.யு. சேர்க்கும் கணக்கும் அங்கேதான் இருக்கிறது.