பழைய தோழிகளைப் பார்க்கப் போகிறோம், வீட்டில்தான் ஓயாத சண்டை

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

கல்லூரி விடுதியில் நாங்கள் நான்கு பேர் ஒரே அறை. படிப்பு முடிந்ததும் வேலை, கல்யாணம், குழந்தைகள் என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டோம். இப்போது ஒருத்தியின் வீட்டில் எல்லோரும் குடும்பத்தோடு கூடுவதாக முடிவாகியிருக்கிறது. காரில் ஒரு பகல் முழுக்கப் பயணம், இரண்டு நாள் தங்கல்.

நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கமே வரவில்லை. கணவர் அதிகம் பேசாதவர். "உன் ஃப்ரெண்ட்ஸ், நீ போயிட்டு வா, அங்க வந்து நான் என்ன செய்யப் போறேன்?" என்கிறார். பதினைந்து வயது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். எட்டு வயது மகனுக்குக் காரில் ஏறினாலே வாந்தி.

இதையெல்லாம் விடப் பெரிய பயம் ஒன்று. மற்ற மூவரும் பெரிய பதவிகளில் இருக்கிறார்கள். நான் வேலையை விட்டு வருடக்கணக்காகிறது. அங்கே என் வீட்டார் உம்மென்று உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பார்கள்? அதனால் கணவர் எந்தச் சட்டை போட வேண்டும், மகள் எப்படிப் பேச வேண்டும் என்று தினமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சண்டைதான் மிச்சம். உடம்பு சரியில்லை என்று சொல்லி நின்றுவிடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

போய் வாருங்கள். பொய்க் காரணம் சொல்லி நின்றுவிட்டால் இன்றைக்கு மனசு லேசாகும். ஆனால் அடுத்த அழைப்பு வரும்போது இதைவிட அதிகமாகப் பயப்படுவீர்கள்.

சட்டையைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. உங்கள் கணவரையும் மகளையும் தடுப்பது பயணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே போய் நாலு பேர் முன்னால் நன்றாக நடந்து காட்ட வேண்டும் என்ற கட்டாயம்தான் அவர்களைப் பின்வாங்க வைக்கிறது. அந்தக் கட்டாயம் உங்கள் பயத்திலிருந்து வருகிறது.

பயம் இயல்பானதுதான். மனிதர்கள் தங்களை எடைபோடத் தங்களைப் போன்றவர்களையே பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே எழுதினார். ஒரே வயது, ஒரே படிப்பு, ஒரே அறை என்றால் ஒப்பிடாமல் எப்படி இருக்க முடியும்? ஆனால் அந்தக் கணக்கில் நாம் நமக்கே குறைத்துத்தான் மதிப்பெண் போட்டுக்கொள்கிறோம். எரிக்கா பூத்பியும் அவருடைய குழுவினரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவரோடு பேசி முடித்தவர்கள், அவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதை உண்மையைவிடக் குறைவாகவே நினைத்தார்கள். விடுதியில் சேர்ந்து தங்கிய மாணவர்களிடமும் இந்த எண்ணம் மாதக்கணக்கில் நீடித்தது. 2024-இல் வந்த இன்னோர் ஆய்வில், பழைய நண்பரோடு மறுபடி பேச ஆசை இருந்தும், தொடர்பு விவரம் கையில் இருந்தும், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே செய்தி அனுப்பினார்கள். அந்தத் தயக்கத்தைத் தாண்டித்தான் உங்கள் தோழி உங்களை அழைத்திருக்கிறாள். அவளும் இப்போது தன் வீட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கலாம்.

"இப்ப என்ன பண்றே?" என்று கட்டாயம் கேட்பார்கள். நாள் முழுக்க நீங்கள் செய்வதை, மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல், அப்படியே சொல்லுங்கள். மறுபடி வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். யோசனை கேட்க இவர்களைவிட நெருக்கமானவர்கள் யார்?

கணவரிடம் "நீங்க வந்தா எனக்கு தைரியமா இருக்கும்" என்ற உண்மையை மட்டும் சொல்லிப் பாருங்கள். பிறகு, எந்த நேரம் எல்லோரும் சேர்ந்திருப்பது, எந்த நேரம் அவர் தனியாகப் புத்தகமோ நடையோ என்று இருப்பது என்பதை முன்பே பேசிவிடுங்கள். நால்வர் மட்டும் உட்கார்ந்து பேசவும் ஒரு மாலை வேண்டும். உங்கள் பழைய கதைகள் தெரியாமல் நடுவில் மாட்டிக்கொண்டு சிரிக்க வேண்டிய சங்கடம் மற்றவர்களுக்கு இருக்காது.

மகளிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பாடம் நடத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். நம்பிக்கையான உறவினர் வீட்டில் தங்க வழி இருந்தால், வருவதா இல்லையா என்று அவளே சொல்லட்டும். வழி இல்லையென்றால், வருவது உறுதி என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, காரில் எங்கே நிறுத்துவது, அங்கே எவ்வளவு நேரம் எல்லோரோடும் இருப்பது என்பதையெல்லாம் அவளிடம் விடுங்கள். வணக்கம் சொல்லி, கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னால் போதும். பதினைந்து வயதில் அதுவே பெரிய விஷயம் என்பது என் கருத்து.

மகனுக்கு: உள்காது அசைவை உணரும்போது கண் அசையாத திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் கூடும். கைபேசி வேண்டாம், தொலைவில் பார்க்கச் சொல்லுங்கள். மருந்து வேண்டுமென்றால் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேரமாவது வண்டியை நிறுத்துங்கள். ஓட்டுகிறவருக்கும் அது அவசியம். முக்கியமாக, ஓடும் வண்டியில் சண்டை வேண்டாம்.

அப்புறம், கிளம்பும் முன் அந்தத் தோழியிடம் போனில் பேசுங்கள். கணவர் அமைதியானவர், பையன் களைத்து வருவான், படுக்க ஓர் இடம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். போய் வந்த பிறகும் தூக்கமின்மையும் தாழ்வு எண்ணமும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், ஒரு மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள்.