உள்ளடி வேலையும் புளியங்கொட்டைக் கணக்கும்

அன்புள்ள ஐயா,

2020 அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில், பீட் பூட்டிஜெஜும் ஏமி க்ளோபுச்சரும் மார்ச் 1, 2 தேதிகளில் அடுத்தடுத்து விலகிப் பைடனை ஆதரித்தார்கள். எலிசபெத் வாரனோ விலகாமல் நின்று பைடனின் முக்கியப் போட்டியாளரான இடதுசாரி பெர்னி சாண்டர்ஸின் வாக்குகளைப் பிரித்தார். இது ஒபாமா வகுத்த திட்டம்தானே? வாரனும் அதில் பங்காளியா?

ரா.

அன்புள்ள ரா.,

சாண்டர்ஸ் தோற்ற வலி உங்கள் கடிதத்தில் இன்னும் ஆறாமல் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் பூட்டிஜெஜ் விலகிய இரவில் ஒபாமா அவருடன் பேசினார் என்ற செய்தியிலிருந்து, அவரே எல்லாரையும் ஆட்டுவித்தார் என்ற முடிவுக்கு நீங்கள் ஒரே தாவலில் போய்விடுகிறீர்கள். வாரனைச் சதிகாரி ஆக்குவதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சொந்த மாநிலமான மாசசூசெட்ஸிலேயே மூன்றாமிடத்துக்குப் போனவர் அவர்.

போட்டியாளர்கள் கூடிப் பேசித் திட்டமிட்டால் என்ன ஆகும் என்பதை 2016 குடியரசுக் கட்சி வேட்பாளர் தேர்விலேயே பார்த்துவிட்டோம். கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளில், வெற்றிக்குத் தேவையான 1,237 பேரை டிரம்ப் எட்டிவிடக் கூடாதென்று, இண்டியானாவை டெட் க்ரூஸுக்கும் ஒரேகானையும் நியூ மெக்சிகோவையும் ஜான் கேசிக்குக்கும் விட்டுக்கொடுப்பதாக இருவரின் குழுக்களும் ஏப்ரல் 24 இரவு ஒளிவுமறைவின்றி அறிவித்தன. மறுநாளே பிலடெல்பியாவில் ஓர் உணவகத்தில் செய்தியாளர்கள் கேட்டதும், இண்டியானா மக்கள் எனக்குத்தான் வாக்களிக்க வேண்டும் என்றார் கேசிக். ஒன்பது நாளில் இண்டியானாவின் 57 பிரதிநிதிகளும் டிரம்புக்குப் போக, அன்றிரவே க்ரூஸும் அடுத்த நாள் கேசிக்கும் களத்தை விட்டு வெளியேறினார்கள். ஊரறிய எழுதிய உடன்பாடே ஒரு நாள் தாங்காதபோது, நீங்கள் சொல்லும் இரகசிய உடன்பாடு மட்டும் பிசிறின்றி நடந்ததா?

டல்லாஸில் க்ளோபுச்சரும் பூட்டிஜெஜும் ஒரே நாளில் பைடனை ஆதரித்தது ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்பாடு வந்தது கணக்குத் தோற்ற பிறகு. தென் கரோலினாவில் பைடன் 48 சதவீதத்தைத் தாண்ட, பூட்டிஜெஜ் 8 சதவீதத்தோடும் க்ளோபுச்சர் 3 சதவீதத்தோடும் நின்றார்கள். 15 சதவீதம் இல்லையென்றால் பிரதிநிதிகள் கிடையாது. மூன்றே நாளில் 14 மாநிலங்களில் வாக்குப்பதிவு. கலிஃபோர்னியாவில் பலர் அவர்களுக்கு அஞ்சலில் வாக்களித்தும் விட்டிருந்தார்கள். முன்பே திட்டம் போட்டவர்கள் அந்த வாக்குகளை வீணாக விட்டிருப்பார்களா என்பதையாவது நீங்கள் யோசித்திருக்க வேண்டாமா?

என் தந்தை ஒருமுறை எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் நின்று, மனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளில் விலகினார். எதிராளியிடம் பணம் வாங்கிவிட்டார் என்று ஊர் பேசியது; அவர் போன பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. முந்தின இரவு அவர் திண்ணையில் புளியங்கொட்டைகளைத் தெருவாரியாகப் பரப்பி மூன்று முறை எண்ணியதையும், மூன்று முறையும் தேறாமல் அவற்றை வாரிச் சுளகில் போட்டுவிட்டு விளக்கை அணைத்ததையும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான் ஒருவன்தான்.