சேலத்து வெயில்ல ஐஸா? ஆமாங்க

ஏற்காடு மலையோரமா இறங்கும்போது உங்க செஸ்னா 150 குட்டி விமானத்துல ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) மெல்ல மெல்ல சரியுது, தரையில மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தர்ற கருவி) சோதனை சரியா இருக்குன்னா, மேக்னெட்டோவைப் பிரிக்காதீங்க. இது பெரும்பாலும் கார்புரேட்டர் ஐஸ்தான், அதாவது காத்தையும் எரிபொருளையும் கலக்குற கார்புரேட்டருக்குள்ள உறையுற ஐஸ். வெளியே 22 டிகிரி இருந்தாலும், எரிபொருள் ஆவியாகுறப்ப வென்ச்சூரிக்குள்ள (கார்புரேட்டரோட குறுகலான கழுத்து) வெப்பம் 20 டிகிரிக்கு மேலகூட குறையும். ஐப்பசி ஈரக்காத்து போதாதா!

த்ராட்டிலைக் (விமானத்தோட ஆக்ஸிலரேட்டர் மாதிரி) குறைக்கிறதுக்கு முன்னாடியே கார்ப் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காத்தை அனுப்புற குமிழ்) முழுசா இழுங்க, பாதி வேண்டாம். உருகின தண்ணி உள்ளே போறப்ப இன்ஜின் இன்னும் திக்கித் திணறும். பயந்துபோய் பலர் அப்பத்தான் மூடுவாங்க. மூடாதீங்க, ஆர்பிஎம் திரும்ப ஏறட்டும்.

புல்தரையில டாக்ஸி பண்றப்ப (விமானத்தைத் தரையில ஓட்டுறப்ப) மட்டும் கார்ப் ஹீட் மூடியே இருக்கட்டும். அந்தச் சூடான காத்து ஃபில்டர் வழியா வராது, புல்தூசி நேரா இன்ஜினுக்குள்ள போயிடும்.