ஆறு நாளில் பதினோரு கோட்டைகள்

அன்புள்ள ஐயா,

செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். ஆறு நாள் விடுப்பு எடுத்து, காரில் வடக்கு வேல்ஸுக்குக் கூட்டிப்போக எண்ணம். கோட்டைகளும் மாளிகைகளுமாகப் பதினோரு இடங்களுக்குப் பட்டியல் போட்டிருக்கிறேன். அப்பாவுக்கு வரலாற்றுப் பைத்தியம், அம்மாவுக்கு முழங்கால் வலி. நீங்கள் அந்தப் பக்கம் சுற்றியவர். இது சரிவருமா?

கார்த்திகா, பர்மிங்காம்

அன்புள்ள கார்த்திகா,

பதினொன்றில் நாலை இப்போதே அடித்துவிடுங்கள். முதல்முறை போனபோது நானும் ஒரே நாளில் மூன்று கோட்டை என்று கணக்குப் போட்டேன். மூன்றாவதன் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால், கடைசி அனுமதி நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். மூடுவதற்கு அரை மணி முன்பே யாரையும் உள்ளே விடமாட்டார்களாம். மழை வேறு. காருக்குள் உட்கார்ந்து ஆறிப்போன சிப்ஸ் தின்றோம். உள்ளே விட்டிருந்தாலும் எதுவும் மனதில் ஏறியிருக்காது. இரண்டாவது கோட்டையிலேயே எல்லாக் கல்சுவரும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

ஒரு நாளைக்கு ஒரு கோட்டை போதும். கூட ஒன்று வேண்டுமென்றால் அது வீடாக இருக்கட்டும். கோட்டையில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கூரை போன சுவர்தான். எங்கே சமைத்தார்கள், எங்கே தூங்கினார்கள் என்பதை நாமே கற்பனை செய்துகொள்ள வேண்டும். கான்வி ஊரில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் 1283-ல் கட்டத் தொடங்கிய கோட்டையைக் காலையில் பாருங்கள். அங்கிருந்து சில நிமிட நடையில் பிளாஸ் மௌர். ராபர்ட் வின் என்ற செல்வந்தர் 1576-க்கும் 1585-க்கும் இடையில் கட்டிய வீடு. அறைச் சுவரின் சாந்து வேலைப்பாட்டில் தன் பெயரின் ஆர், டபிள்யூ எழுத்துகளைப் பதித்து, வண்ணம் பூசி வைத்திருக்கிறார். நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற அதே ஆசை!

தினம் பெட்டி கட்டாதீர்கள். கான்வியிலேயே ஐந்து இரவும் தங்கலாம். மறுநாள் போமாரிஸ். 1295-ல் தொடங்கி, ஸ்காட்லாந்துச் சண்டைக்குப் பணம் போனதால் பாதியில் நின்ற கோட்டை. சமதளம், சுற்றி அகழி. அம்மாவுக்கு ஏற்ற இடம் இதுதான். திரும்பும் வழியில் பென்ரின். கோட்டை மாதிரி தெரியும், ஆனால் 19-ஆம் நூற்றாண்டு மாளிகை. ஜமைக்கா கரும்புத் தோட்டத்து அடிமைகளின் உழைப்பும் பக்கத்துப் பலகைக்கல் சுரங்கமும் தந்த பணம். அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு டன் எடையுள்ள கல் கட்டிலை மட்டும் பார்த்துவிடுங்கள். அப்புறம் ஒரு நாள் கைர்னார்வன், ஒரு நாள் ஹார்லெக். ஹார்லெக்கில் ஒருகாலத்தில் கடல் பாறையடிவரை வந்ததாம். இப்போது மேலிருந்து பார்த்தால் மணல்மேடுகளுக்கு அப்பால் தள்ளித் தெரிகிறது.

பென்ரினும், கடைசி நாள் பார்க்கப்போகும் போவிஸ் கோட்டையும் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளை வசம். மற்றவை வேல்ஸ் அரசின் கடூ அமைப்பின் பொறுப்பு. அதனால் ஒரே அனுமதிச்சீட்டு எல்லாவற்றுக்கும் செல்லாது. மாளிகைகளில் தோட்டம் ஒரு நேரம், வீடு ஒரு நேரம் திறப்பார்கள். முதல்நாள் இரவே பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள், பர்மிங்காம் திரும்பும் வழியில், போவிஸ். அப்பாவுக்கு இது ஒன்றே போதும். ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநர். அவர் மனைவி ஹென்ரியெட்டா போவிஸ் வீட்டுப் பெண். 1800-ல் இரண்டு மகள்களோடு சென்னையிலிருந்து கிளம்பி ஸ்ரீரங்கப்பட்டணம், கோவை, திருச்சி, தஞ்சை என்று ஏழு மாதம் சுற்றியவர். உங்கள் ஆறு நாள் எம்மாத்திரம்! திப்பு சுல்தானின் கூடாரம் இந்தக் குடும்பத்திடம்தான் வந்து சேர்ந்தது. பூப்போட்ட சீட்டித் துணி. அதைத் தோட்டத்து விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்பா அங்கே நின்றுவிடுவார், அவசரப்படுத்தாதீர்கள். வீட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வருவதாக யாரிடமும் சொல்லியும் வைக்காதீர்கள்.