குறிவைத்த இடத்துக்கு வெளியே எவ்வளவு கதிர் படுகிறது?

நான் மருத்துவ இயற்பியலாளர். கதிர்சிகிச்சையின் டோஸைக் கணக்கிடுவதும் அளந்து சரிபார்ப்பதும் என் வேலை. கட்டிக்குக் கொடுக்கும் கதிர் மற்ற உறுப்புகளில் எவ்வளவு படும் என்று கேட்டவர்களுக்கான பதில்கள் இவை.

அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். கழுத்தில் கொடுக்கும் கதிர் வயிற்றுக்கு எப்படிப் போகும்?

மூன்று வழிகளில் போகும். கருவியின் தலைப்பகுதியைச் சுற்றியுள்ள கவசத்தைத் தாண்டிக் கொஞ்சம் கசியும். கற்றையை வடிவமைக்கும் கோலிமேட்டரில் பட்டுக் கொஞ்சம் சிதறும். உடம்புக்குள் போன கதிரே திசுக்களில் மோதி நாலாபக்கமும் சிதறும். கற்றையின் விளிம்புக்கு அருகில் சிதறல்தான் அதிகம். 30 செ.மீ. தாண்டிவிட்டால் பெரும்பங்கு கசிவு. அந்தக் கசிவு, கற்றைக்குள் கொடுக்கும் டோஸில் சராசரியாக ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது சர்வதேசத் தர விதி. கட்டிக்கு மொத்தம் 70 கிரே (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) கொடுத்தால், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு 70 மில்லிகிரே, அதாவது சில சி.டி. ஸ்கேன்கள் அளவு. பூஜ்யம் இல்லைதான், ஆனால் இதை நினைத்து சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். கட்டி காத்திருக்காது.

நான் மருத்துவ இயற்பியல் மாணவன். கற்றையிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருக்கும் சினைப்பைக்கு 0.2 கிரே என்று சிகிச்சையைத் திட்டமிடும் மென்பொருள் காட்டுகிறது. அதை அப்படியே எழுதிவிடலாமா?

வேண்டாம் தம்பி. எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம் இது. அந்த மென்பொருள் கட்டியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சரியாகக் கணக்கிடுவதற்காகச் செய்யப்பட்டது. கருவியின் கசிவை அது சரிவரக் கணக்கில் எடுப்பதில்லை. 2010ல் வெளிவந்த ஓர் ஆய்வில், விளிம்பிலிருந்து சுமார் 4 முதல் 11 செ.மீ. வரையில், மென்பொருள் உண்மையான டோஸைச் சராசரியாக 40 சதவீதம் குறைத்துக் காட்டியது. இன்னும் தள்ளிப் போகப் போகப் பிழை பெருகும். திரையில் தசமத்தோடு எண் தெரிவதால் அது துல்லியம் ஆகிவிடாது.

அப்படியென்றால் அளக்க வேண்டும். மனித உடல் மாதிரியைப் படுக்க வைத்து, அதே திட்டத்தை ஓட்டி, சினைப்பை இருக்கும் ஆழத்தில் டி.எல்.டி. சில்லுகளை (பட்ட கதிரை அளக்கும் சின்னச் சில்லுகள்) வையுங்கள். இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். நோயாளியின் தோல்மேல் சும்மா ஒட்டி அளந்தால், ஆழத்தில் இருப்பதைவிட எண் கூடுதலாக வரும்; சில்லின்மேல் 1 செ.மீ. போலஸ் (திசுவைப் போன்ற பொருளாலான அட்டை) வைத்தால் இது சரியாகும். அப்புறம், வெளியே சிதறி வரும் கதிருக்கு ஆற்றல் குறைவு. முதன்மைக் கற்றையில் அளவுதிருத்தம் செய்த சில்லு அங்கே கூட்டிச் சொல்லும், அதற்குத் திருத்தக் காரணி போட வேண்டும். 10 எம்.வி.க்கு (மெகாவோல்ட், கற்றையின் ஆற்றலைச் சொல்லும் அளவு) மேற்பட்ட கற்றை என்றால் நியூட்ரானும் சேரும். சாதாரண லித்தியம் சில்லு நியூட்ரானுக்கும் பதில் தருவதால் வாசிப்பே குழம்பிப்போகும்.

இதைப் பற்றி அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2017ல் வெளியிட்ட 158ஆம் பணிக்குழு அறிக்கையை முழுதாகப் படியுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருக்கிறேன். நுரையீரலுக்குக் கதிர் கொடுக்கப் போகிறார்கள்.

பேஸ்மேக்கர் இருப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள் ஐயா. பேஸ்மேக்கர் கற்றைக்குள் வரவே கூடாது. அதில் படும் மொத்த டோஸை 2 கிரேக்குள் நிறுத்துவது நெடுநாள் வழக்கம். நியூட்ரான் அதன் மின்னணுச் சுற்றைக் குழப்பும் என்பதால் 10 எம்.வி.க்கு மேல் போகாத கற்றையே நல்லது.

கர்ப்பமாக இருக்கும் என் தங்கைக்கு மூளைக் கட்டி. குழந்தை தப்புமா?

தலைக்கும் கருப்பைக்கும் இடையே இருக்கும் தூரம் பெரிய துணை அம்மா. கருவுக்கு 100 மில்லிகிரேக்குள் இருக்கப் பார்ப்போம். தலைக்கான சிகிச்சையில் அதற்கு வெகு கீழேயே நிறுத்த முடிவது வழக்கம். சிகிச்சைக்கு முன்பே மாதிரி உடலில், கருப்பையின் மேல் விளிம்பு, தொப்புள், இடுப்பெலும்பு என்று மூன்று இடத்தில் அளப்போம். மாதம் ஏற ஏறக் கருப்பையும் மேலே ஏறும், அதாவது கற்றைக்கு நெருங்கி வரும். அதனால் பிரசவம் வரைக்குமான வளர்ச்சியை அல்ல, சிகிச்சை முடியும் வாரத்தில் இருக்கப் போகும் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். வயிற்றுக்கு மேலே தனித் தாங்கியில் ஈயக் கவசம் வைத்தால் கசிவும் கோலிமேட்டர் சிதறலும் குறையும். உடம்புக்குள்ளேயே சிதறி வருவதைக் கவசத்தால் தடுக்க முடியாது. கவசம் மிகவும் கனமானது என்பதால் அதைத் தாங்கும் அமைப்பு உறுதியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு ஏழு வயது. ஐ.எம்.ஆர்.டி. என்கிறார்கள். நல்லதா?

ஐ.எம்.ஆர்.டி. என்பது கற்றையின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுக்கும் முறை. கட்டியை ஒட்டிய உறுப்புகளைக் காப்பாற்றுவதில் நல்லது. ஆனால் பழைய முறையைவிட கற்றை இரண்டு மூன்று மடங்கு நேரம் ஓடுவதால் கசிவும் அதே விகிதத்தில் கூடும். சின்ன உடம்பில் எல்லா உறுப்பும் பக்கம் பக்கமாக இருக்கும், வாழ வேண்டிய ஆண்டுகளும் அதிகம். எனவே குழந்தைகளுக்கு இந்தக் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. “தைராய்டு, விதைப்பை இரண்டுக்கும் எவ்வளவு? அந்த எண் அளந்ததா, மென்பொருள் சொன்னதா?” என்று அங்கே இருக்கும் இயற்பியலாளரிடமே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சிகிச்சை முடிந்த அன்றே பேரனைத் தூக்கலாமா?

தாராளமாக. வெளியிலிருந்து எக்ஸ் கதிர் கொடுக்கும் சிகிச்சையில், கருவியை நிறுத்தியதும் உடம்பில் கதிர் எதுவும் தங்காது.